நீளம், அகலம், உயரம்

"வடிவமைப்புப் படிக்கிறேன்" என்று ஊரில் யாரிடமேனும் சொன்னால் இரண்டு கேள்விகள் உடனே வரும். "அப்படியானால் நன்றாகப் படம் போடுவாயோ?" என்பது ஒன்று. "அதற்கு ஏன் கொல்கத்தா வரைக்கும் போனாய்?" என்பது மற்றொன்று. நம் மன்றத்து நண்பர்களுள் பெரும்பாலோர் பொறியியலோ அறிவியலோ பயில்பவர்கள். அவர்களும் உணவு மேசையில் இவற்றையே சற்று நயமாகக் கேட்கிறார்கள். எனவே முதலாண்டில் யாங்கள் பயின்ற ஒரு பாடத்தைப் பற்றி விளக்கமாக எழுதலாம் எனத் துணிந்தேன்.

பாடத்தின் பெயர் முப்பரிமாண வடிவமைப்பு. பெயர்தான் பெரிது, பொருள் எளிது. தாளில் வரையும் படத்துக்கு நீளமும் அகலமும் உண்டு. கையில் எடுக்கும் பொருளுக்கோ உயரமும் உண்டு. படத்தில் வரைந்த நாற்காலி ஒருநாளும் விழாது; செய்து வைத்த நாற்காலி விழும். படத்துக்கு ஒரு முகம் போதும். பொருளுக்கு முன், பின், பக்கம், மேல், கீழ் என எல்லா முகமும் வேண்டும். இப்பாடம் முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்து கிளைப்பதே ஆகும்.

மனிதர் செய்த நிலம்

படிக்கும் இடத்தைப் பற்றியும் இரண்டு சொல் கூற வேண்டும். சால்ட் லேக் என்று நாம் அழைக்கும் இவ்வூர் ஒரு காலத்தில் உப்பு நீர்ச் சதுப்பாக இருந்தது. மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராயின் முயற்சியால் 1962-ல் இதைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. ஹூக்ளி ஆற்றின் வண்டலை நீரோடு கலந்து, குழாய் வழியே இங்கே செலுத்திப் பரப்பினர். நீர் வடிந்தது, வண்டல் தங்கியது, அதுவே நிலமாயிற்று. அவ்வேலையைச் செய்தது யூகோஸ்லாவிய நாட்டு நிறுவனம். நகரின் அமைப்பை வகுத்தவரும் அந்நாட்டவரே. டோப்ரிவோயே டோஷ்கோவிச் என்பது அவர் பெயர். டாக்டர் ராய் 1962 ஜூலையில் காலமானார். அவர் நினைவாகவே இவ்வூருக்குப் பிதான் நகர் என்ற பெயர் அமைந்தது. இங்கே தெருப்பெயரைச் சொல்லி வழி கேட்பவர் குறைவு. எழுத்துகளால் பெயரிட்ட பிளாக்கையும், எண்ணிட்ட மேல்நிலை நீர்த்தொட்டியையும் சொல்லித்தான் கேட்பர்.

இவ்வூரின் மூன்றாம் செக்டாரில், எல்.ஏ. பிளாக்கில், தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்தின் கொல்கத்தா வளாகம் இருக்கிறது. சுருக்கமாக நிஃப்ட் என்பர். டில்லியில் 1986-ல் தோன்றிய இந்நிறுவனத்துக்குக் கொல்கத்தாவிலும் சென்னையிலும் 1995-ல் கிளைகள் ஏற்பட்டன. நான்காண்டு வடிவமைப்புப் பட்டப்படிப்பில் முதலாண்டு அடிப்படை ஆண்டு. தோல் பொருள் வடிவமைப்புக்குச் செல்பவரானாலும் ஆடை வடிவமைப்புக்குச் செல்பவரானாலும் முதலில் இந்த அடிப்படையைக் கடந்தே ஆக வேண்டும்.

ஒரு தாள், ஒரு கத்தி

முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் தாளும் ஒரு வெட்டுக்கத்தியும் கொடுத்தார்கள். பசை கிடையாது, ஒட்டும் நாடா கிடையாது. துண்டு எதையும் வெட்டி எறியவும் கூடாது. "இந்தத் தாளை நிற்கச் செய்யுங்கள். அதன்மேல் ஒரு புத்தகமும் நிற்க வேண்டும்" என்பது கட்டளை. நாற்பது பேரும் முதலில் செய்தது என்ன தெரியுமா? பென்சிலை எடுத்துப் படம் வரையத் தொடங்கினோம். ஆசிரியர் பென்சில்களை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

விரல்களுக்கு வேலை வந்தது. தட்டையான தாள் தன் பாரத்தையே தாங்காமல் துவளும். அதையே விசிறிபோல் மடித்து இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலமாக வைத்தால் ஒரு டம்ளர் தண்ணீரையும் தாங்கும். குழாய்போல் சுருட்டி நிறுத்தினால் அகராதியையே தாங்கும். தாளின் எடை கூடவில்லை. வடிவம் மட்டுமே மாறியது. இஃது எப்படி?

பொறியியல் நண்பர்கள் காரணத்தை அறிவார்கள். ஒரு பலகை வளையும்போது அதன் மேற்புறம் நெருக்குண்ணும், கீழ்ப்புறம் இழுபடும், நட்ட நடுவிலுள்ள படலம் நெருக்கத்துக்கும் ஆளாகாது, இழுப்புக்கும் ஆளாகாது. எனவே நடுவிலிருந்து எவ்வளவு தொலைவில் பொருள் இருக்கிறதோ, அவ்வளவு வன்மையாக அது வளைவை எதிர்க்கும். ஒரு சட்டத்தின் கனத்தை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். மடிப்பு என்பது, பொருளைக் கூட்டாமலே அதன் கனத்தைக் கூட்டும் வழியாகும். கூரையில் போடும் நெளிதகடு செய்வதும் இதே வேலைதான். அதற்கு முன்பே பனைமரம் இதைச் செய்துவிட்டது. பனையோலையைப் பாருங்கள், அவ்வளவு அகலமான ஓலை காற்றில் விறைப்பாக நிற்பதற்கு அதன் மடிப்புகளே காரணம். அதை அறுத்து விசிறி செய்த நம் பாட்டிமார் அந்த மடிப்பை விடாமல் காத்தார்கள்.

நான் சொல்ல வந்தது, இந்தச் சூத்திரத்தை நான் மேனிலைப்பள்ளியில் படித்துவிட்டே வந்தேன் என்பதுதான். ஆனால் விரலில் தாள் விறைத்த அந்த நொடியில்தான் அது எனக்குச் சொந்தமாயிற்று. வாய்க்குத் தெரிந்தது வேறு, கைக்குத் தெரிந்தது வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

குச்சியும் முடிச்சும்

இரண்டாவது பயிற்சி கோடுகளால் ஆன வடிவம். மெல்லிய மூங்கில் குச்சியும் நூலும் கொண்டு, முழங்கை உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்ட வேண்டும். அதன் உச்சியில் ஒரு செங்கல்லை வைப்பார்கள். இங்கும் பசை கிடையாது.

எங்கள் வகுப்பில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் இருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண் பெற்றவர். ஆனால் இங்கு வந்த மூன்றாம் வாரமே பெட்டியைக் கட்டிவிட்டார். அவர் துயரம் எனக்கு நன்றாகப் புரிந்தது. பள்ளியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விடை உண்டு. அந்த விடை ஒரு புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் நம் பையில் இருக்கும். இங்கோ விடையும் இல்லை, புத்தகமும் இல்லை. இந்தியும் வங்காளியும் ஒலிக்கும் அறையில் இரவெல்லாம் தாளை வெட்டிக்கொண்டிருக்கிறோம். வீட்டிலிருந்து தொலைபேசியில், "குச்சியும் நூலும் வாங்கவா இத்தனை பணம் கட்டினோம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் கோபத்தைவிடக் கவலையே மிகுதி. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய வீட்டில் அந்தக் கவலை இயற்கை அன்றோ?

கோபுரப் பயிற்சி முடிந்தபின் ஊருக்குப் புறப்படுவதாக அவர் சொல்லியிருந்தார். செங்கல் வைக்கும் நாள் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோபுரங்கள் சாய்ந்தன. பெரும்பாலானவை நொறுங்கவில்லை, பக்கவாட்டில் நழுவிப் படுத்துக்கொண்டன. நாற்கோணத்தின் இயல்பு அது. நான்கு குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய சதுரம், மூலையில் தள்ளினால் சாய்சதுரமாகிவிடும். முக்கோணம் அவ்வாறு ஆகாது. ஒரு பக்கம் முறிந்தாலன்றி அதன் உருவம் மாறாது.

நண்பரின் கோபுரத்தின்மேல் ஒரு செங்கல் வைத்தார்கள், நின்றது. இரண்டாவது வைத்தார்கள்; நின்றது. மூன்றாவதை வைத்துவிட்டு ஆசிரியர் குனிந்து முடிச்சுகளைப் பார்த்தார். இரு குச்சிகளையும் சேர்த்துப் பலமுறை சுற்றியபின், அந்தச் சுற்றையே குச்சிகளின் இடையில் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூலைவிட்டமாக ஒரு குச்சி கொடுத்திருந்தது. "இதை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார் ஆசிரியர். நண்பர் சிறிது தயங்கினார். பிறகு, "என் அப்பா பந்தல் போடுகிறவர், சார்" என்றார்.

இத்தனை நாள் அதை அவர் எங்களிடம்கூடச் சொன்னதில்லை. சவுக்குக் கம்பையும் கயிற்றையும் பற்றிய அறிவு ஓர் அறிவாக எந்தத் தேர்விலும் கேட்கப்படாததால், அவரே அதை ஓர் அறிவாகக் கருதவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் அவர் எங்களுக்கு முடிச்சுப் போடக் கற்பித்தார். பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. பூசைக் காலத்தில் சால்ட் லேக்கின் பிளாக்குதோறும் மூங்கிலால் மாளிகை எழும்பும்போது, அவரே எங்களை அழைத்துச் சென்று எந்தக் கழி பாரம் தாங்குகிறது, எது சாயாமல் பிடிக்கிறது என்று காட்டினார்.

மண்ணும் வெற்றிடமும்

மூன்றாவது பயிற்சி களிமண். மூன்று செவ்வகக் கட்டிகளைச் செய்து ஒன்றோடொன்று சேர்த்து அமைக்க வேண்டும். அவ்வளவுதான். அமெரிக்காவில் பிராட் கல்லூரியில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கற்பித்த ரோவெனா ரீட் கோஸ்டெல்லோ என்ற அம்மையார் வகுத்த பயிற்சி இது. இன்று உலகெங்கும் பல கல்லூரிகளில் வழங்குகிறது. மூன்று கட்டிகளுள் ஒன்று தலைமை தாங்க வேண்டும். ஒன்று அதற்குத் துணை நிற்க வேண்டும். மற்றொன்று இவ்விரண்டும் விட்ட குறையை நிறைவு செய்ய வேண்டும். மூன்றும் ஒரே அளவானால் கண் எங்கும் தங்காது. கச்சேரியில் பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் ஒரே உரப்பில் ஒலித்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான்.

எளிதென்று தோன்றும். ஆனால் முன்பக்கம் அழகாக அமைந்தது, வட்டப்பலகையைத் திருப்பினால் பின்பக்கம் வெறும் சுவராக நிற்கும். பின்பக்கத்தைத் திருத்தினால் முன்பக்கம் கெடும். திருப்பித் திருப்பிப் பார்த்து, எல்லாப் பக்கமும் ஒருசேர இணங்கும் வரை மண்ணை வெட்டியும் சேர்த்தும் ஒரு வாரம் கழிந்தது.

அப்போதுதான் ஆசிரியர் வெற்றிடத்தைப் பற்றிக் கூறினார். கட்டிகள் மட்டும் வடிவமல்ல. கட்டிகளுக்கு இடைப்பட்ட இடமும் வடிவமே. சென்னை மெரினாவில் 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். நான்கு ஆட்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். அவர்களின் கால்களுக்கும் பாறைக்கும் இடையில் தெரியும் வானத்தைப் பார்த்திருக்கிறோமா? அந்த இடைவெளிகளை அடைத்துவிட்டால் உழைப்பின் இழுவிசையே மறைந்துவிடும். அச்சிலையைச் செய்தவர் வங்கத்திலிருந்து வந்து சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வடிவம் செய்யும் கல்வியில் வங்கத்துக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதன்று.

குமார்துலியில் ஒரு நாள்

களிமண் பயிற்சியின் இடையில் எங்களை வடகொல்கத்தாவின் குமார்துலிக்கு அழைத்துச் சென்றனர். ஹூக்ளிக் கரையோரம் குறுகிய சந்துகளில் துர்க்கைப் படிமங்கள் செய்யும் குயவர் பேட்டை அது. மண்ணால் ஆன உருவம் என்றுதான் நாம் நினைக்கிறோம். உள்ளே இருப்பது மூங்கிலும் வைக்கோலும். முதலில் மரத்தாலும் மூங்கிலாலும் ஒரு சட்டம். அதைக் காட்டாமோ என்பர். அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடலும் தோளும் தொடையும் ஆக்குவர். பிறகு உமி கலந்த ஒட்டுமண் ஒரு பூச்சு. அது காய்ந்து வெடித்தபின் மென்மையான மண் அடுத்த பூச்சு. வெடிப்புகளின்மேல் மண்குழம்பில் தோய்த்த துணித்துண்டுகளை ஒட்டுவர். எல்லாம் காய்ந்தபின் வெள்ளைப் பூச்சு, வண்ணம், இறுதியில் கண்.

அங்கே முதியவர் ஒருவரை, "தாதா, வெடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். மண் வெடிக்கத்தான் செய்யும் என்றும், எங்கே வெடிக்க வேண்டும் என்பதை வைக்கோல் கட்டும்போதே தாம் முடிவு செய்துவிடுவதாகவும் கூறினார். எங்கள் வகுப்பிலோ, மண் வெடித்தபோதெல்லாம் மண்ணைத்தான் குறைகூறிக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயே வெண்ணிறச் சோலாவால் அம்மனுக்கு முடியும் மாலையும் செய்பவர்களையும் கண்டோம். கையில் எடுத்துப் பார்த்தபோது எங்கோ பழகிய பொருளாகத் தோன்றியது. ஆம், நம் தஞ்சையில் பெரிய கோயிலை அச்சாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் நெட்டிதான் அது. குளத்திலும் ஏரியிலும் வளரும் ஒரு செடியின் தண்டு. அங்கே மணமகன் தலையில் டோப்பர் ஆகிறது. இங்கே கோபுரம் ஆகிறது. தஞ்சை நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மேசைமேல் வைத்த பிறகு

பயிற்சி ஒவ்வொன்றும் விமர்சனத்தில் முடியும். ஆண்டின் பருவ இறுதியில் நடப்பதற்கு ஜூரி என்று பெயர். அதைக் கேட்டாலே எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். பொருளை மேசைமேல் வைத்துவிட்டுச் செய்தவர் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். மற்றவர்கள் பேசுவார்கள். "நான் என்ன நினைத்தேன் என்றால்" என்று தொடங்க இடமில்லை. நினைத்தது பொருளில் இருந்தால் பார்ப்பவர் சொல்லிவிடுவார். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிப் பழகிய எனக்கு இது பெருந்துன்பமாகவே இருந்தது. போகப் போக அதன் நன்மை விளங்கியது. குற்றம் பொருளின்மேல்தான் சொல்லப்படுகிறது, செய்தவர்மேல் அன்று. ஆகவே திருத்தவும் மனம் வருகிறது.

இப்பாடம் வந்த வழி

இத்தகைய வகுப்பை முதன்முதலில் ஒழுங்காக வகுத்தவர்கள் ஜெர்மனியின் பவுஹவுஸ் பள்ளியினர். வால்டர் குரோப்பியஸ் 1919-ல் வைமார் நகரில் அதை நிறுவினார். எந்தத் தொழில் பயில வந்தவரும் முதலில் ஓர் அடிப்படை வகுப்பில் பொருள்களைத் தொட்டும் மடித்தும் பழக வேண்டும் என்று யோகன்னஸ் இட்டன் ஏற்பாடு செய்தார். அவருக்குப்பின் மொஹோலி-நாகியும் யோசப் ஆல்பர்ஸும் அதை நடத்தினர். ஆல்பர்ஸ் செய்தித்தாள்களைக் கொடுத்து, வீணாக்காமல் அதிலிருந்து ஏதேனும் செய்யச் சொல்வாராம். மாணவர்கள் கப்பலும் கோட்டையும் விமானமும் செய்தனர். ஒருவர் மட்டும் தாளை நீளவாட்டில் மடித்து நிறுத்தியிருந்தார். ஆல்பர்ஸ் அதையே பாராட்டினார் என்று அவருடைய மாணவர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கப்பலை மரத்திலும் செய்யலாம். மடித்தால் நிற்பது தாளுக்கே உரிய குணம் என்பதே அப்பாராட்டின் கருத்து.

நாஜிகளின் நெருக்கடியால் 1933-ல் அப்பள்ளி மூடப்பட்டது. அதற்கு முன்பே அதன் படைப்புகள் இந்நகருக்கு வந்துவிட்டன என்பது பலர் அறியாத செய்தி. 1922 டிசம்பரில் கல்கத்தாவின் கீழ்த்திசைக் கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில் கிளே, காண்டின்ஸ்கி, இட்டன் முதலியோரின் படைப்புகள் இடம்பெற்றன. அதற்கு இட்டனோடு தொடர்புகொண்டு துணைநின்றவர் கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார். பவுஹவுஸ் தோன்றிய அதே 1919-ல்தான் தாகூரின் சாந்திநிகேதனில் கலாபவனமும் தோன்றியது.

நம் கையில் இருப்பது

எல்லாம் மேனாட்டிலிருந்தே வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1958-ல் இந்திய அரசின் அழைப்பை ஏற்று அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் நாடு முழுவதும் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அதன் பயனாகவே 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அவ்வறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்த பொருள் மாளிகையோ சிலையோ அன்று, லோட்டா. அதாவது நம் வீட்டுச் செம்பு! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எந்தக் கைக்குப் பொருந்த வேண்டும், இடுப்பிலா தலையிலா எதில் சுமப்பது, நிறைந்தபோதும் குறைந்தபோதும் எடை எங்கே நிற்கும், சாய்த்தால் நீர் எப்படி விழும், தேய்த்துக் கழுவ எளிதா என்றெல்லாம் அவர்கள் கேள்விகளை அடுக்கினர். ஒருவர் உட்கார்ந்து வரைந்து அது தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கை பட்டுப் பட்டு அவ்வடிவம் தேறியது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

சுவாமிமலையில் படிமம் வார்க்கும் ஸ்தபதிகள் தென்னையோலை நறுக்கை மடித்து மடித்தே உருவத்தின் அளவுகளைப் பிரிக்கிறார்கள். முகத்தின் நீளம் ஓர் அளவு. அதன் மடங்காக உடல். குங்கிலியம் கலந்த மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மூன்று கட்டிகளின் விகிதத்துக்காக ஒரு வாரம் போராடிய எங்களுக்கு அந்த ஓலை நறுக்கின் அருமை இப்போது தெரிகிறது.

எனவே இவ்வகுப்பு எங்களுக்குப் புதிதாக ஒன்றைப் புகட்டியது என்பதைவிட, நம்மிடம் இருந்தும் நாம் மதியாத அறிவை அறிவென்று காட்டியது என்பதே பொருந்தும். கூரை வேய்பவர், கூடை முடைபவர், பந்தல் போடுபவர், படிமம் வார்ப்பவர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும்போது அந்த அறிவை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதை மறைக்காமல் உடன்கொண்டு வருவதற்கு இடம் தருவதுதான் இப்பாடத்தின் பெரும்பயன் என்று நான் கருதுகிறேன். கட்டணம் கட்டிய பெற்றோருக்கும் இதையே விடையாகச் சொல்வேன்.

நம் தம்பி தங்கையர் யாரேனும் இத்துறைக்கு வர விரும்பினால் அவர்களுக்கு ஒரு சொல். நிஃப்ட் சேர்க்கையில் எழுத்துத் தேர்வைக் கடந்தபின் 'சிச்சுவேஷன் டெஸ்ட்' என்றொரு கட்டம் வரும். கொடுத்த பொருள்களைக் கொண்டு குறித்த நேரத்தில் ஓர் உருவம் செய்து காட்ட வேண்டும். படம் நன்றாக வரும் என்ற தைரியம் மட்டும் அங்கே உதவாது. இப்போதிருந்தே தாளை மடிக்கட்டும், கம்பியை வளைக்கட்டும், ஓலையில் பந்து பின்னட்டும். உடைந்த பொருள் கிடைத்தால் குப்பையில் போடும் முன் எங்கே உடைந்தது என்று பார்க்கட்டும். வீட்டில் தாத்தாவோ மாமாவோ கைத்தொழில் செய்பவரானால், விடுமுறையில் பத்து நாள் அவர் பக்கத்தில் உட்காரட்டும். அந்தப் பத்து நாளும் வீண் போகா.